தூரமும் நேரமும்

பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று வினவினால் மூன்று விடைகள் கிடைக்கும், மூன்றும் மெய்யே. தேசப்படத்தில் நேர்கோடு இட்டால் ஏறத்தாழ 133 கிலோமீற்றர். மோட்டார் வீதி வழியே ஏறக்குறைய 230. புகையிரதப் பாதையோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுடையது.

இதற்குக் காரணம் மலையே. நமது பாதையில் உயர்ந்த நிலையமாகிய பட்டிப்பொல ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளை நிலையமோ 650 மீற்றர் அளவில் தாழ்ந்திருக்கிறது. மலைநாட்டுத் தண்டவாளம் 44 மீற்றர் ஓடினால் 1 மீற்றர்தான் உயரலாம். அதற்கு மேற்பட்ட சரிவை இயந்திரம் தாங்காது என்று அமைத்தோர் வரையறுத்தனர். இக்கணக்கின்படி ஏறுவதற்கு மட்டும் 83 கிலோமீற்றரும், இறங்குவதற்கு 55 கிலோமீற்றரும் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 138. நேர்கோட்டின் முழு நீளமும் இதற்கே போதாது! ஆகவேதான் பாதை வளைந்து வளைந்து செல்கிறது. தெமோதரையில் அது ஒரு வளையமாகச் சுற்றித் தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கம் வழியாகச் செல்கிறது. 1894இல் பண்டாரவளையை எட்டிய புகையிரதம் பதுளையை அடைய 1924 வரை காத்திருந்தது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பெரிதும் சிதைத்தபோது, அது எத்துணை அரிய பாதை என்பதை நாம் மீண்டும் உணர்ந்தோம்.

இனி ஆகாய வழியை நோக்குவோம். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அரைமணி போதும் என்று மாணவர் கணக்கிடுவர். ஆயினும் அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி என்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லல், மேலெழும்பல், வேகங்குறைத்துத் தாழ்தல் ஆகியவற்றுக்கும் நேரம் வேண்டுமன்றோ?

முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல. முன்னாளில் தலைமன்னார்க் கப்பலே அவர்தம் வழி. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் போர்க்காலத்தில் நின்றது. இன்று அக்கரையில் ஒரு சாவு நேர்ந்தால், "விமானத்தில் ஒரு மணிதானே, பிணம் எடுக்குமுன் வந்துவிடலாம்" என்று தொலைபேசியில் கூறுவர். அந்த ஒரு மணியை மட்டும் எண்ணலாகாது. லயத்திலிருந்து பதுளைக்கு ஒன்று அல்லது இரண்டு மணி. கொழும்புக்குப் பேருந்தில் ஆறேழு மணி. அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி. அங்கே சோதனைக்கும் காத்திருத்தலுக்கும் மூன்று மணி. விமானப் பயணத்தையும் சேர்த்தால் பன்னிரண்டுக்குக் குறையாது. இறங்கிய பின்னும் ஊர்போய்ச் சேரவேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் ஆயத்தமாக இல்லாவிடில் இக்கணக்கும் பயனற்றது. ஆதலால், காத்திருக்கும் உறவினருக்கு முழு நேரத்தையும் எண்ணிச் சொல்லுதல் நன்று.

இக்கணக்கு வேறொன்றையும் புலப்படுத்துகிறது. விமானம் இன்னும் விரைந்து பறந்தால் சில நிமிடங்களே மிஞ்சும். தோட்டத்து மண்பாதை செப்பனிடப்பட்டால் ஒரு மணியே மிஞ்சக்கூடும். அந்த மணி அக்கரை செல்வோர்க்கு மட்டும் உரியதன்று. பிரசவ வேதனையுடன் பதுளை மருத்துவமனைக்கு விரையும் தாய்க்கும், நாள்தோறும் நடந்து பாடசாலை வரும் பிள்ளைக்கும் அது உரியது. நெடும்பயணத்தைக் குறுக்கும் வேலை நம் வாயிற்படியிலேயே தொடங்குகிறது.