அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மட்டுக்கு ஓகே சொல்லும் முன்...

“ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி, வேற வழியில்ல!”

ரிப்பேர் கடையில் என் லேப்டாப்பைத் திறந்த இரண்டாவது நிமிடமே வந்த பதில் இது. லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். தப்பு என்னுடையதுதான். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. ‘ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை’ என்று வரிசையாகப் பிழைச் செய்திகள். உள்ளே அக்காவின் கல்யாண போட்டோக்கள். வேறெங்கும் காப்பி கிடையாது.

அதென்ன ஷேர்டு லைப்ரரி? திரையில் எழுத்தைக் காட்டுவது, ஃபைலைத் திறப்பது போன்ற வேலைகளுக்கு எல்லா ஆப்களும் பொதுவாகப் பயன்படுத்தும் புரோகிராம் துண்டுகள். ஒவ்வொரு முறையும் இவற்றை டிஸ்க்கில் தேடி எடுத்தால் தாமதமாகும். அதற்காக இருப்பதுதான் கேஷ். லினக்ஸில் இது வெறும் பட்டியல்: எந்த டப்பா எந்த அலமாரியில் என்று எழுதி ஒட்டியது மாதிரி. ஆப்பிளின் மேக்கில் அஞ்சறைப் பெட்டி மாதிரி. அடிக்கடி தேவைப்படும் லைப்ரரிகளையே ஒன்றாகக் கோத்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

அப்டேட்டில் டப்பாக்கள் மாறுகின்றன. பட்டியலோ பெட்டியோ பழையதாகவே நின்றுவிட்டால், அல்லது பாதியில் கெட்டுப்போனால்தான் சிக்கல். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே எல்லாவற்றுக்கும் இவை தேவை என்பதால், டெஸ்க்டாப் வரும் முன்பே நின்றுவிடும்.

இது மேக்கில் ஒருகாலத்தில் தெரிந்த தொல்லைதான். கேஷில் கோளாறு இருந்தால், குறிப்பாக அப்டேட்டுக்குப் பிறகு, நீலத் திரையோடு நின்றுவிடலாம் என்று ஆப்பிளின் உதவிக் குறிப்பிலேயே இருந்தது. 2008 டிசம்பரில் வந்த 10.5.6 பதிப்பிலிருந்து, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ‘சேஃப் பூட்’ செய்தால் அந்த கேஷ் அழிக்கப்படும். அடுத்து வழக்கம்போல ஆன் செய்தால் புதிதாக உருவாகிவிடும். அவ்வளவுதான் வைத்தியம்!

2020-ல் வந்த ‘பிக் சர்’ பதிப்பில் கதை மாறியது. கேஷை ஆப்பிளே தயாரித்து, சிஸ்டத்தோடு சேர்த்து சீல் வைத்து அனுப்புகிறது. நம் கை பட்டுக் கெடாது. நாமே புதுப்பிக்கவும் முடியாது. சிஸ்டமே கெட்டால் ரெக்கவரியில் போய் மேக் ஓ.எஸ்-ஸை ரீ-இன்ஸ்டால் செய்ய வேண்டும். டிஸ்க்கை ‘எரேஸ்’ செய்யாதவரை நம் ஃபைல்கள் அப்படியே இருக்கும். ரீ-இன்ஸ்டாலும் ஃபார்மட்டும் ஒன்று என்று நினைத்துத் தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

என் லேப்டாப்புக்கு வருவோம். கடையிலிருந்து அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். ஆபீஸில் சீனியர் அண்ணன் ஒருவர், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி அதிலிருந்து ஆன் செய்தார். டிஸ்க் திறந்தது, போட்டோக்கள் பத்திரம்! முதலில் அவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்தோம். (டிஸ்க்குக்கு என்கிரிப்ஷன் போட்டிருந்தால் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும்.) பிறகு, பாதியில் நின்ற அப்டேட்டை முடித்து, ‘எல்டிகான்ஃபிக்’ என்ற ஒரு கட்டளை. சில நொடிகளில் பட்டியல் புதிதாக எழுதப்பட்டது. ரீஸ்டார்ட் செய்ததும் பழைய வால்பேப்பர் வந்தது.

அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை.