பிழைக் காசுகள் – 6: அச்சில் நேர்ந்த இரட்டிப்பும் பொறியில் நேர்ந்த இரட்டிப்பும்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் இரவுப் பணியின்போது அடிக்கப்பட்ட லிங்கன் ஒரு சென்ட் காசுகளில் ஒரு பகுதி, ஆண்டெண்ணும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும் குறையோடு வெளிவந்தது. குறை கண்டறியப்பட்டு அச்சு கழற்றப்படுவதற்குள் ஏறத்தாழ 20,000 முதல் 24,000 வரையிலான பிழைக் காசுகள் நல்ல காசுகளின் பெருங்குவியலோடு கலந்துவிட்டிருந்தன. அவற்றை ஒழிக்க வேண்டுமானால் குவியல் முழுவதையும் உருக்க வேண்டும் என்ற நிலையில், அதிகாரிகள் அப்படியே புழக்கத்துக்கு விட்டனர். 23 சென்ட் சிகரெட் பெட்டிக்கு 25 சென்ட் நாணயத்தை வாங்கிக்கொள்ளும் தானியங்கி இயந்திரங்கள் அப்போது இருந்தன. மீதிச் சில்லறை இரண்டு சென்ட் பெட்டியின் கண்ணாடித்தாள் உறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்ததால், பிழைக் காசுகள் பல அவ்வழியே மக்கள் கைக்கு வந்து சேர்ந்தன. இன்று அவற்றில் புழங்கித் தேய்ந்த ஒன்றுகூட ஏறத்தாழ ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது.

அதே 1955இல் அடிக்கப்பட்ட வேறு பல சென்ட் காசுகளில் ஆண்டெண்ணின் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்தாற்போல் இரட்டித்துத் தெரியும். ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் இக்காசுக்குச் சொல்லத்தக்க மதிப்பு எதுவும் கிடையாது. ஓராண்டின் இரு காசுகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாட்டை, இரட்டிப்பு எந்த இடத்தில் நேர்ந்தது என்ற கேள்வியைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

காசை அடிக்கும் எஃகு அச்சில் உருவம் குழிவாக இருக்கும். அக்குழிவு, உருவத்தைப் புடைப்பாகக் கொண்ட தாய் அச்சு ஒன்றை மிகுந்த அழுத்தத்தோடு அதன்மேல் பதிப்பதால் உண்டாவது. அக்காலத்தில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாக இறங்காததால், இறுகிப்போன எஃகை உலையிலிட்டு இளக்கி மறுபடியும் பதிப்பார்கள். இரண்டாம் முறை தாய் அச்சு முந்தைய பதிவோடு சரியாகப் பொருந்தாமல் சற்றே திரும்பி இறங்கினால், குழிவே இரண்டாகிவிடுகிறது. 1955 காசில் நேர்ந்தது இதுதான். திருப்பம் நடுவை ஒட்டி நிகழ்ந்ததால் லிங்கனின் முகம் பெரிதும் மாறாதிருக்க, விளிம்பை ஒட்டிய எழுத்துகளும் ஆண்டெண்ணும் வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு விலகி நிற்கின்றன.

பொறி இரட்டிப்பு என்பது முற்றிலும் வேறான நிகழ்வு. அச்சு பழுதற்றதாகவே இருக்கும். அது பொறியில் தளர்ந்திருந்தால், அடி விழுந்த மறுகணம் சிறிது அசைந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது. ஆகவே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ், விளக்கொளி சாய்வாக விழும்படி காசைத் திருப்பிப் பார்த்தால், இரண்டாவது உருவம் படிக்கட்டுபோலத் தட்டையாகவும் தாழ்ந்தும் பளபளப்போடும் தெரிவதோடு, எழுத்தின் உடல் இயல்பைவிட ஒடுங்கியிருப்பதும் புலப்படும். மெய்யான இரட்டை அச்சிலோ இரு உருவங்களும் உருண்டு திரண்டிருக்கும்; எழுத்து அகன்றிருக்கும்; எழுத்தின் முனைகளில் இரண்டும் பிரியும் இடத்தில் பிளவு ஒன்று தெளிவாகத் தெரியும். இரட்டிப்பு எழுத்திலிருந்து உலோகத்தை எடுத்துக்கொண்டதா, எழுத்தை அகலமாக்கியதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஏழையின் இரட்டை அச்சு இவ்விரண்டிலும் சேராதது. நெடுநாள் உழைத்த அச்சு தேய்ந்து, அதன் குழிவுகளின் ஓரம் சிதைந்ததால் உண்டானது அது. 1982இன் இடையிலிருந்து செம்புப் பூச்சிட்ட துத்தநாகச் சென்டுகள் வந்தபின், பூச்சு எழுத்தோரம் கிழிந்து, உள்ளிருக்கும் வெளிர் சாம்பல் நிறம் இரட்டைக் கோடுபோல் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு.

சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 1969ஆம் ஆண்டுச் சென்ட் இவ்வகையில் ஊன்றிப் பார்க்கத்தக்கது. அதில் மெய்யான இரட்டை அச்சு மிக அரிது. பொறி இரட்டிப்போ மலிந்து கிடக்கிறது. அந்நாளில் நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ எழுத்து, தாய் அச்சில் இடம்பெறாமல், ஒவ்வோர் அச்சிலும் பின்னர் தனியே கையால் பொறிக்கப்பட்டது. ஆகவே மெய்யான காசில் ஆண்டெண்ணும் வாசகங்களும் இரட்டித்திருக்க, ‘எஸ்’ மட்டும் ஒற்றையாகவே நிற்கும். ஆண்டெண்ணோடு ‘எஸ்’ எழுத்தும் அதே திசையில் நகர்ந்திருந்தால் அது பொறியின் வேலை என்று பெரும்பாலும் துணியலாம். இச்சிறு எழுத்தைக் கவனியாமல் ஒரு சென்ட் பெறுமான காசுக்குப் பெருந்தொகை கொடுப்போர் இன்றும் இருக்கின்றனர். இந்த வேறுபாட்டை அறிந்த பின்னும் அத்தகைய காசை அரும்பொருள் என்று விற்பது வணிகம் ஆகாது, மோசடியே ஆகும்.

அமெரிக்க நாணயச்சாலை 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறியதோடு இப்பிழை ஒழிந்துவிடவில்லை. தாய் அச்சு சாய்வாகத் தொட்டு, அழுத்தத்தில் நேராகும்போது நடுப்பகுதி இரட்டிக்கிறது. லிங்கனின் இளமைப் பருவத்தைக் காட்டும் 2009 சென்டில் சில அச்சுகள் அவருக்குக் கூடுதல் விரலைத் தந்தது இவ்வாறே.

அச்சில் நேர்ந்த பிழை அந்த அச்சு அடித்த எல்லாக் காசுகளிலும் மாறாமல் திரும்ப வரும் என்பதால், ஐயத்துக்குரிய காசை உறுதிசெய்யப்பட்ட காசின் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. 1955 காசின் பின்புறத்தில், ‘சென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘டி’ எழுத்துக்கு இடப்பக்கம் மிக மெல்லிய கீறல்கள் இருக்கும். அச்சில் விழுந்த அக்கீறல்கள் இல்லாத காசு போலியாக இருக்கக்கூடும். அப்போலிகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அடுத்த இதழ் விளக்கும்.