நகை அழகுதான், வெளிச்சம் சரியா?

தீபாவளி நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பட்டு நூல் வளையல்களும் டெரகோட்டா ஜிமிக்கிகளும் வரிசைகட்டும். பலவும் வீட்டுப் பெண்கள் இரவு கண்விழித்துச் செய்தவை. வானொலி நிகழ்ச்சிக்காக அவர்களிடம் பேசும்போது அடிக்கடி என் காதில் விழும் குறை ஒன்று உண்டு: சேலைக்குப் பொருந்தும் என்று வாங்கியவர், படத்தில் பார்த்த நிறம் இது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இதற்குப் புதுக் கைப்பேசி தேவையில்லை. வெளிச்சத்தைச் சரிசெய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வீட்டு மஞ்சள் விளக்கின் ஒளி ஏறக்குறைய 2,700 முதல் 3,000 கெல்வின். பகல் வெளிச்சமோ 5,500 கெல்வினை ஒட்டியது. இரண்டும் ஒன்றாக விழுந்தால் கேமரா குழம்பிவிடும். எனவே முதலில் அறை விளக்குகளை அணையுங்கள். நேரடி வெயில் விழாத ஜன்னலோரத்தில் மேசையைப் போடுங்கள். வெயில் அடித்தால் மெல்லிய வெள்ளைத் திரையோ, கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பரோ போதும்; ஒளி பரவி, நிழல் மென்மையாகும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை மணிலா அட்டையை நிறுத்தினால் இருண்ட பக்கமும் தெளியும். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது.

பளபளக்கும் உலோகம் கண்ணாடி மாதிரி; எதிரில் இருப்பதையே காட்டும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டை நிறுத்துங்கள். நகையின் விளிம்பு எடுப்பாகத் தெரியும். கல் நகைக்கு மட்டும் பக்கவாட்டில் சிறு டார்ச் ஒளி வேண்டும். அதில்தான் கல் மின்னும்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறதா? ஒரே வகை எல்இடி விளக்குகளைப் பயன்படுத்துங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அரக்குச் சிவப்பு மங்கிவிடும்.

கைப்பேசித் திரையில் நகைமீது விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். ஜூம் செய்யாமல் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபில்டர் வேண்டாம்.

படத்தை அனுப்பும் முன், ஜன்னலோரத்தில் நகையையும் திரையையும் அருகருகே பிடித்துப் பாருங்கள். சில ஊதா நிறங்களைக் கேமரா நீலமாகவே பதிக்கும். அப்போது உண்மை நிறத்தை எழுதியே சொல்லிவிடுங்கள். வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாது. உங்கள் படத்தை நம்பித்தான் பணம் அனுப்புகிறார்.