ரத்தத்தில் ஒளியும் எதிரி!
10,000 அணுக்களில் ஒன்றைப் பிடிக்கும் சோதனை

"நெருப்பில் மிச்சம் வைக்காதே. கடனில் மிச்சம் வைக்காதே. நோயில் மிச்சம் வைக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இது ரத்தப் புற்றுநோய்க்கு அப்படியே பொருந்தும்.

நோய் போய்விட்டது போலத் தோன்றும். குழந்தை ஓடும், ஆடும், நன்றாகச் சாப்பிடும். ஆனால், உள்ளே கொஞ்சம் நோய் பதுங்கி இருக்கும். மாதங்கள் கழித்தோ, வருடங்கள் கழித்தோ அது மறுபடியும் தலைதூக்கும்.

அந்த மிச்சத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும்!

எலும்புக்கு உள்ளே

நம் எலும்புகளுக்கு உள்ளே மஜ்ஜை இருக்கிறது. ரத்த அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவது ரத்தப் புற்றுநோய். இதில் பல வகை உண்டு. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையை டாக்டர்கள் "ஏ.எல்.எல்." என்பார்கள்.

இந்த நோய் வந்தால் சில மாதங்களில் மரணம் என்ற காலம் ஒன்று இருந்தது.

1947-ம் ஆண்டு அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், டாக்டர் சிட்னி பார்பர் "அமினோப்டெரின்" என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அந்த மருந்தை உண்டாக்கிய ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

குழந்தைகள் பலர் தேறினார்கள். பெற்றோர் மகிழ்ந்தார்கள். ஆனால், சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது.

காரணம், மிச்சம்தான்!

1,000 கோடி

நோய் தெரியவரும்போது உடம்பில் சுமார் 1 லட்சம் கோடி புற்று அணுக்கள் இருக்கலாம்.

சுமார் ஒரு மாதம் மருந்து கொடுத்த பிறகு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சுத்தமாகத் தெரியும். "நோய் அடங்கிவிட்டது" என்பார்கள். அப்போதும் 1,000 கோடி புற்று அணுக்கள் வரை உள்ளே இருக்கக்கூடும்!

மைக்ராஸ்கோப்பில் ஏன் தெரியவில்லை? நல்ல இளம் அணுவும் புற்று அணுவும் ஒரே ஜாடை. நூற்றில் ஒன்று இருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்குத்தான் "எம்.ஆர்.டி." சோதனை வந்தது. இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்கள். அதை இரண்டு விதமாகச் சோதிக்கலாம்.

ஒன்று: அணுக்களின் மேல் ஒளிவிடும் சாயத்தை ஒட்டவைப்பது. பிறகு அவற்றை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓடவிடுவது. ஒளியைப் பார்த்து யந்திரம் அணுவின் குலத்தைச் சொல்லிவிடும். 10,000 அணுக்களில் ஒரு புற்று அணு இருந்தாலும் அகப்படும்.

மற்றொன்று: "பி.சி.ஆர்." புற்று அணுவின் மரபுப் பொருளில் ஓர் அடையாளம் இருக்கும். அதை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிப் பெருக்கிப் பார்ப்பார்கள். லட்சத்தில் ஒன்று இருந்தாலும் தெரியும்.

கூட்டவும் குறைக்கவும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சிகளின் முடிவு 1998-ல் வெளிவந்தது. மிச்சம் இருந்த குழந்தைகளுக்கே நோய் அதிகமாகத் திரும்பியது தெரிந்தது.

பிரிட்டனில் 2003 முதல் 2011 வரை ஒரு பெரிய பரீட்சை நடந்தது. மிச்சம் தெரியாத குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கடுமையான மருந்துச் சுற்றுகளில் ஒன்றைக் குறைத்தார்கள். அதனால் அவர்களுக்குக் கெடுதல் வரவில்லை. மிச்சம் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தைக் கூட்டினார்கள். அவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது.

ஆகவே, இந்தச் சோதனை பயமுறுத்துவதற்கு அல்ல. யாருக்கு மருந்து அதிகம் வேண்டும், யாருக்குக் குறைத்தால் போதும் என்று பிரிப்பதற்கு!

மிச்சத்தை அழிப்பதற்கென்றே "பிளினட்டுமோமாப்" என்ற மருந்தை 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது. இது "பி" வகை ஏ.எல்.எல். நோய்க்கு உரியது. நம் உடம்பின் காவல் அணுவைப் புற்று அணுவின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். காவல் அணு எதிரியைக் கொல்லும்.

பெற்றோர் கவனத்துக்கு

முதல் மருந்துக்கு முன்பே மஜ்ஜையைச் சோதித்துப் புற்று அணுவின் அடையாளத்தைக் குறித்துவைக்க வேண்டும். அப்போதுதான் பிறகு மிச்சத்தைத் தேடுவது சுலபம். டாக்டர் குறித்த நாளில் சோதனை நடப்பதும் முக்கியம்.

"மிச்சம் இல்லை" என்று முடிவு வந்தாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. சோதனைக்கும் தப்பும் அணுக்கள் உண்டு. ஏ.எல்.எல். சிகிச்சை 2 முதல் 3 வருடம் நடக்கும்.

"பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான். இனி எதற்கு ஊசி?" என்று பாதியில் வீட்டுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு. பணக்கஷ்டம், பயணக்கஷ்டம், பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாத மனக்கஷ்டம் எல்லாம் உண்மைதான். அவற்றை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வழி கேளுங்கள்.

ஆனால், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எதிரி போய்விடவில்லை; ஒளிந்திருக்கிறான்!