ஒரே வீடு, இரண்டு வலையமைப்பு

லேப்டாப்பில் இணையம் தடையின்றி வருகிறது. பக்கத்து அறையிலிருக்கும் வைஃபை பிரிண்டரை மட்டும் அது கண்டுகொள்வதில்லை. பிரிண்டர் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், இரண்டின் ஐபி முகவரிகளையும் பாருங்கள். ஒன்று 192.168.1.20 என்றும் மற்றது 192.168.0.15 என்றும் இருந்தால், கோளாறு பிரிண்டரில் இல்லை.

பெரும்பாலான வீடுகளில் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. அதாவது, முகவரியின் முதல் மூன்று எண்கள் தெருப்பெயர், கடைசி எண் கதவிலக்கம். தெருப்பெயர் மாறினால் சப்நெட்டும் வேறு.

ஒரே வீட்டில் இரண்டு சப்நெட் எப்படி வந்தது? இணைய நிறுவனம் பொருத்தும் ஃபைபர் மோடமே பெரும்பாலும் ஒரு ரவுட்டர்தான். சிக்னல் எட்டாத அறைக்கென நாம் வாங்கி மாட்டும் இரண்டாவது ரவுட்டரும் தன் பங்குக்குத் தனி முகவரிகளை வழங்கத் தொடங்கிவிடுகிறது.

32 பிட் நீளமுள்ள ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அவை போதா. அதனால் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை உள் வலையமைப்புகளுக்கென 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணம் ஒதுக்கியது. உங்கள் வீட்டிலுள்ள அதே எண் அடுத்த வீட்டிலும் இருக்கலாம்.

பிரிண்டரும் ஸ்மார்ட் டிவியும் 224.0.0.251 என்ற குழு முகவரி (மல்டிகாஸ்ட்) வழியாகத் தம் இருப்பை அறிவிக்கின்றன. இந்த அறிவிப்பை ரவுட்டர் அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தாது. இரண்டாவது ரவுட்டருக்குக் கீழுள்ள லேப்டாப்பில் பிரிண்டரின் ஐபியை நேரடியாகக் கொடுத்தால் பெரும்பாலும் அச்சாகும். எதிர்த்திசையில் அதுவும் நடக்காது.

தீர்வு எளிது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதற்கு 192.168.1.2 போல, வேறு கருவி எடுக்காத முகவரியைக் கொடுத்து, முகவரிகளை வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். முகவரி வழங்கும் பொறுப்பு ஒரே ரவுட்டரிடம் போய்விடும்.

ஆனால் எல்லாப் பிரிவினையும் தீங்கல்ல. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பு நிறுவனம் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களைக் கைப்பற்றி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களையே முடக்கிய தாக்குதலுக்குப் பயன்பட்டது. எனவே பிரிண்டரையும் லேப்டாப்பையும் ஒரே சப்நெட்டில் சேர்த்துவிடுங்கள். இப்படிக் கைப்பற்றப்படும் கருவி மற்றவற்றை எட்டாதிருக்க, கேமராவையும் ஸ்மார்ட் பல்பையும் கெஸ்ட் வைஃபையில் தனியே வையுங்கள். அவற்றின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.