நள்ளிரவு விருந்தும் விடுதிச் சோறும்

எனிட் பிளைட்டனின் 'மேலரி டவர்ஸ்' வரிசையை (1946-51) மறுவாசிப்புச் செய்தேன். ஆறு நாவல்கள். அப்பன், அண்ணன் அதிகாரம் எட்டாத பெண்வெளி என்று இதைக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வெளிக்குள் யாருக்கு இடம்?

இரண்டாவது நாவலில் (1947) பணம் காணாமல் போகிறது. சந்தேகம் விழுவது உதவித்தொகையில் படிக்கவந்த எலன்மீது. கடைசியில் பிடிபடும் டாஃப்னியும் பணக்காரி வேஷம் போட்டவள்தான். ஆக, சந்தேகத்துக்கு உள்ளானவளும் இல்லாதவள், திருடினவளும் இல்லாதவள். வசதியான வீட்டுப் பெண்கள்மேல் பிரதி கைவைக்கவே இல்லை.

பாமாவின் 'கருக்கு' (1992) இதே விடுதிக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறது. தலித் பிள்ளைங்க உடம்பு தேறினாலே வார்டன் சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. கல்லூரி விருந்தன்று உடுத்த நல்ல சேலை இல்லாமல் குளியலறைக்குள் ஒளிய வேண்டியிருக்கிறது. பிளைட்டனின் பெண்கள் நள்ளிரவில் ஒளிந்து விருந்து தின்றால் அது குறும்பு. இங்கே வேளைச் சோறு தின்பதே குற்றமாகிறது.

இதனால் விடுதியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய மண் இது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கி நம்ம கடலூர்ப் பக்கத்துப் பொண்ணுங்க எத்தனையோ பேர் படிச்சிருக்காங்க. அவங்க எழுத்தைக் கேட்டு வாங்கிப் போடுவது சிறுபத்திரிகைகளின் உடனடி வேலை.