ரோபோவின் காலை வாரும் புல்

2010 ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்துகொண்டிருந்தபோது, சிங்கப்பூரின் சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் இன்னோர் உலகக் கிண்ணமும் நடந்தது. அங்கே ஆடியவை ரோபோக்கள். மனித உருவில் முழங்கால் உயரமே இருந்த குட்டி ஆட்டக்காரர்கள், ஒரு பக்கத்துக்கு மூவர். ஆரஞ்சுப் பந்தைத் தேடித் தலையைத் திருப்பி, தயங்கித் தயங்கி நடந்து, உதைக்கும் வேகத்தில் தாமே விழுந்து, கையூன்றி எழுந்தன. குட்டிகள் பிரிவில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் டிரிப்ளர்ஸ் அணி கிண்ணத்தை வென்றது.

ரோபோகப் எனப்படும் இந்தப் போட்டி 1997இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியது. டீப் புளூ கணினி சதுரங்கத்தில் கேரி காஸ்பரோவை வீழ்த்தியதும் அதே ஆண்டில்தான். ரோபோகப் ஆய்வாளர்கள் அடுத்த இலக்கைத் துணிந்து அறிவித்தார்கள்: 2050க்குள், அப்போதைய மனித உலகச் சாம்பியன் அணியை, ஃபிஃபா விதிகளின்படியே, தானியங்கி ரோபோ அணி ஒன்று வெல்ல வேண்டும்.

மனித உரு ரோபோக்களுக்கான பிரிவு 2002இல் ஃபுகுவோக்காவில் அறிமுகமானபோது ஆட்டம் என்று எதுவும் இல்லை. ஒற்றைக் காலில் நிற்பது, நடப்பது, பெனால்டி உதைப்பது, அவ்வளவுதான். அந்த முதல் ஆண்டின் நடைப் போட்டியில் இரண்டாம் இடம் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சௌ சாங்ஜியுவின் குழு உருவாக்கிய ‘ரோபோ-எரக்டஸ்’ அதை வென்றது. மறு ஆண்டு, இத்தாலியின் பாதுவா நகரில், திறன்காட்டும் பிரிவில் அது முதலிடம் பிடித்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்காவின் எம்ஐடியில் இருகால் நடையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற சியூ சீ மெங்கின் வழிகாட்டுதலில் ‘ரோப்’ என்ற ரோபோ வரிசை வளர்ந்து, ரோபோகப்பில் களமிறங்கியது. அதே பல்கலைக்கழகத்தின் பிரஹ்லாத் வடக்கேபட், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். ஃபிரா என்ற மற்றொரு ரோபோ காற்பந்துக் கூட்டமைப்பின் வளர்ச்சியில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

கிண்ணங்களின் எண்ணிக்கையை வைத்து இந்த அணிகளின் முன்னேற்றத்தை அளப்பது சரியல்ல என்பது என் கருத்து. எது கடினமாக இருந்ததோ அதை ரோபோக்கள் கற்றுக்கொண்டதும், விதியை மாற்றி மேலும் கடினமாக்குவதுதான் ரோபோகப்பின் வழக்கம். 2005இல் ஒசாகாவில் பக்கத்துக்கு இருவர், 2008இல் மூவர் எனக் களம் நிறைந்தது. மனிதருக்கு இல்லாத புலன் எதற்கும் அனுமதி இல்லை. கேமரா உண்டு, லேசரால் தொலைவை அளக்கும் கருவி கூடாது. எல்லாக் கணக்கீடும் ரோபோவின் உடலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் பந்து ஆரஞ்சு, ஒரு கோல் நீலம், மற்றது மஞ்சள். நிறத்தைப் பிடித்தால் போதும், ரோபோவுக்குத் திசை தெரிந்துவிடும். மண்டப விளக்கு சற்று மாறினாலே நிறக்கணக்கு குழம்பிப்போகும் என்பதுதான் அன்றைய தலைவலி. பின்னர் இரு கோல்களுக்கும் ஒரே நிறம் என்றானது. திடலின் இரு பாதிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க, கீழே விழுந்து எழும் ரோபோ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பதை மறந்தால் சொந்தக் கோலுக்கே அடித்துவிடும். ஒவ்வோர் அடியையும் திருப்பத்தையும் கணக்கில் வைத்து, கோடுகளோடு ஒப்பிட்டு, தன் இடத்தை நிகழ்தகவாக ஊகிக்கும் நிரல்கள் அப்போது தேவைப்பட்டன.

2015இல் வெள்ளைப் பந்து வந்தது. அதோடு, தரைவிரிப்பு போய்ச் செயற்கைப் புல்லும் வந்தது. எனக்கு இந்த விதிமாற்றங்களிலேயே மிகப் பிடித்தது இந்தப் புல்தான்.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கிலும் செயற்கைப் புல்தான். அதில் ஓடும் எந்தப் பள்ளி மாணவரும் தம் பாதத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ரோபோவுக்கோ பாதம்தான் முழுப் பிரச்சினையும். உடலின் எடையும் அசைவின் வேகமும் சேர்ந்து தரையை அழுத்தும் ஒரு புள்ளி உண்டு. 1960களின் இறுதியில் யுகோஸ்லாவிய அறிஞர் மியோமிர் வுகோப்ராடோவிச் அதைக் கணக்கில் கொண்டுவந்தார். அந்தப் புள்ளி ஊன்றிய பாதத்தின் எல்லைக்குள் இருக்கும்வரை ரோபோ கவிழாது. கெட்டியான தரையில் இதை முன்கூட்டியே கணக்கிட்டு நடை வகுத்துவிடலாம். புல்லில் பாதம் அமுங்குகிறது, சரிகிறது, இழைகள் ஒரு பக்கமாய்ச் சாய்கின்றன. போட்ட கணக்கு இரண்டே அடியில் பொய்த்துப்போகிறது. பாதத்தின் அடியில் சிறு குமிழ்கள் பொருத்தினார்கள். உடலின் சாய்வை ஓயாமல் அளந்து, அடுத்த அடியை அந்தக் கணமே மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். சிங்கப்பூர் ரசிகர்கள் கொண்டாடிய வி. சுந்தரமூர்த்தி பந்தோடு ஆட்டக்காரர்களைக் கடந்துபோன லாவகத்தில் இத்தகைய திருத்தங்கள் எத்தனை ஒளிந்திருந்தன என்பதை, இந்த ரோபோக்களைப் பார்த்த பிறகுதான் ஒருவர் முழுதாக உணர முடியும்.

அந்தத் திருத்தங்களை இப்போது ரோபோ தானே கற்கிறது. கூகுள் டீப்மைண்ட் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் அரை மீட்டர் உயர ஓபி3 ரோபோக்கள் கணினிக்குள் உருவாக்கிய மாதிரி உலகில் பழகிவிட்டு நிஜத் தரையில் ஒற்றைக்கு ஒற்றை ஆடின. கையால் எழுதிய நிரலோடு ஒப்பிட்டால் 181 விழுக்காடு கூடுதல் வேகத்தில் நடந்தன. விழுந்தால் எழ எடுத்த நேரம் 63 விழுக்காடு குறைந்தது. அந்த ஓபி3 கடையில் வாங்கக்கூடிய ரோபோ. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் நடந்த மூவர் ஆட்டத்தில் சிங்ஹுவா பல்கலைக்கழக அணி 5-3 என வென்றபோதும், எல்லா அணிகளும் ஒரே நிறுவனத்தின் ரோபோவையே பயன்படுத்தின.

இப்படி ஆயத்த ரோபோக்கள் கிடைப்பதால் ஆய்வு வேகமெடுத்திருப்பது உண்மை. ஆனாலும் ரோபோ-எரக்டஸையும் ரோப்பையும் உருவாக்கிய மாணவர்கள், மோட்டார் சூடேறுவதையும் பற்சக்கரம் தேய்வதையும் கையால் தொட்டு அறிந்தவர்கள். 2050 இலக்குக்கு அந்த அறிவும் வேண்டும். 2025இல் ரோபோகப்பின் பெரிய ரோபோக்களுக்கான திடல் 14 மீட்டர் நீளம், ஒரு பாதி ஆட்டம் 10 நிமிடம். ஃபிஃபா திடல் 105 மீட்டர், ஒரு பாதி 45 நிமிடம். அவ்வளவு நேரம் ஓடும் மின்கலமும், சூட்டைத் தாங்கும் மூட்டும், மனித ஆட்டக்காரர்மீது மோதினால் எலும்பை முறிக்காத உடலும் இன்னும் எந்த ஆய்வுக்கூடத்திலும் தயாராகவில்லை.